கைராசி என்னும் சாக்கு

வீட்டில் பூச்செடியும் மூலிகையும் வளர்க்கப் புகுந்து, இரண்டொரு தொட்டிகளைப் பறிகொடுத்தபின் அம்முயற்சியையே விட்டுவிட்டவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். காரணம் வினவினால் அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘எனக்குக் கைராசி இல்லை.’ நெற்பயிர் சாவியாய்ப் போன குடியானவர் எவரும் இவ்விதம் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர் தட்டிற்று என்பார். விதை பழுது என்பார். பட்டம் தவறிற்று என்பார். புகையான் விழுந்தது என்பார். தம் கையை அவர் குறை கூறுவதில்லை. அவர் காரணத்தைத் தேடுகிறார். ஆதலின் மறுபோகத்தில் அதைத் திருத்தவும் அவரால் முடிகிறது. வீட்டுத்தோட்டக்காரரோ பழியைக் கையின்மேல் போட்டுவிட்டுத் தேடுதலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்.

கைராசி என்று ஒன்று இல்லை என்பது என் துணிபு. சிலர் வைத்த செடியெல்லாம் தழைக்கக் காண்கிறோமே எனின், காண்பது மெய்தான். அத்தகையவருடன் ஒரு வாரம் தங்கியிருந்து பாருங்கள். காலையில் பல் துலக்கும்போதே இலையைப் புரட்டி அடிப்புறம் பார்ப்பார். மண்ணில் விரலை நுழைப்பார். வெயிலில் துவளும் தொட்டியைச் சுவரோரம் நகர்த்துவார். இவையெல்லாம் அவர் அறியாமலே நடப்பவை; ஆகவே அவரும் தம்மைக் கைராசிக்காரர் என்றே எண்ணிக்கொள்கிறார். பட்டுப்போன செடிகள் அவரிடமும் உண்டு. அவற்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவே.

இச்சொல் சோம்பலுக்கு மட்டும் சாக்காக இருந்தால் இதைப்பற்றி இத்தனை எழுதவேண்டுவதில்லை. ஒருவர் கை ராசியான கை என்றால் மற்றொருவர் கை ஆகாத கை என்று ஏற்படுகிறது. அந்த ஆகாத கை யாருடையது என்பதையும் ஊரார் முன்னரே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். மாதவிலக்கான பெண் தொட்டால் துளசியும் கறிவேப்பிலையும் கருகும் என்பார்கள். கணவனை இழந்தவள் நட்டால் மல்லிகை பூக்காது என்பார்கள். வீட்டுத்தோட்டத்தில் நாள்தோறும் நிற்கக்கூடியவர் பெரும்பாலும் பெண்மக்களே. மாதத்தில் சில நாள் அவர்களையும், ஆயுள் முழுதும் அவர்களில் சிலரையும் செடியண்டை வரவொட்டாமல் விலக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வீடு தோட்டம் வேண்டும் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் தாயாரின் தங்கை இருபத்தாறாவது வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். திருமங்கலத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், கிணற்றடியில் நான்கு குண்டுமல்லிப் புதர்கள் இருந்தன. என் பாட்டியார் சித்தியை அவற்றினருகே போகவிடமாட்டார், பூத்தொடுக்கவும் அழைக்கமாட்டார். ஓர் ஆண்டு இரண்டு புதர்கள் காய்ந்துபோயின. முந்திய வாரம் சித்தி அப்பக்கம் துணி உலர்த்தினார் என்பதே வீட்டார் கண்ட காரணம். அதே ஆண்டில்தான் கிணற்றடியில் புதிதாகத் துவைகல் போட்டு, சோப்புநீர் முழுவதும் அந்தப் பாத்தியில் போய்த் தேங்கிற்று. அதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நான் அப்போது சிறுவன். பெரியவர்கள் சொன்னதையே நானும் நம்பினேன்.

சித்தி தமது அறுபத்தொன்றாவது வயதில் மதுரையில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். மாடி வெறுமையாகக் கிடந்தது. பொழுதுபோக்காக இரண்டு செடி வைக்கலாமே என்றேன். “என் கை ஆகாது தம்பி, விட்டுவிடு” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சொல் அவரிடத்தில் அப்படியே இருந்தது.

எங்கள் கட்டாயத்துக்காக ஒரு சாண் ஓமவல்லித் தண்டை வாங்கி ஊன்றினார். புதிதாகத் தொடங்குவோர்க்கு ஓமவல்லியைவிட இரக்கமுள்ள செடியை நான் கண்டதில்லை. கணுவோடு ஒடித்து ஈரமண்ணில் செருகினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். சளிக்குக் கஷாயமாகவும் பஜ்ஜிக்கு இலையாகவும் உதவும். அப்படிப்பட்ட செடியும் மூன்றாம் வாரத்தில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. “பார்த்தாயா?” என்றார் சித்தி. நான் அந்தப் பழைய பிளாஸ்டிக் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில் ஓட்டை இல்லை. நாற்றமடிக்கும் கறுப்புநீர் ஒரு செம்பளவு வடிந்தது. வாளியின் அடியில் ஐந்து துளையிட்டு, ஓட்டாஞ்சில்லு பரப்பி, மண்ணை மாற்றி, மற்றொரு தண்டை அவர் கையாலேயே ஊன்றச் செய்தேன். அது பிழைத்தது. இன்று எங்கள் தெருவில் உள்ள ஓமவல்லிகளில் பாதி அதன் வழித்தோன்றல்கள்.

புதியவர்களின் செடிகள் நீரின்றிச் சாவதைவிட நீர் மிகுந்து சாவதே அதிகம் என்பது என் அனுபவம். இலையைப்போல வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள சந்துகளில் காற்று இருக்கும்வரை வேருக்குப் பிராணவாயு கிடைக்கும். சந்துகள் நீரால் நிரம்பிவிட்டால், நீர் வழியாகப் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆதலால் வேர் திணறுகிறது. பின்னர் அழுகல் பூஞ்சாணம் புகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. ஆகவே தண்ணீரில் நிற்கும் செடியின் இலையே தாகத்தால் துவளும். அதைக் கண்ட வீட்டார் ஐயோ வாடுகிறதே என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார்கள். செடியைக் கொல்வது இந்த இரண்டாவது செம்புதான்.

நாளொன்றுக்கு இத்தனை செம்பு என்று விதி சொல்லும்படி பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு விதி இருக்கமுடியாது. மண்தொட்டியின் பக்கங்கள் வழியாகவும் ஈரம் கசிந்து ஆவியாகும். பிளாஸ்டிக்கில் அது இல்லை. சித்திரை வெயிலில் மாடியிலுள்ள சிறு மண்தொட்டிக்கு இருவேளை நீர் வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் வாரம் முழுவதும் ஒரு சொட்டும் வேண்டாம். விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வையுங்கள். தட்டாவிடில் அடித்துளையில் நீர் வடியும்வரை ஊற்றுங்கள். தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்து எடையைக்கொண்டே அறியும் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடும். தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். வேருக்கு ஆகாததோடு டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவும் அதிலேதான் முட்டையிடும்.

மண்ணைப்பற்றி நீட்டவேண்டுவதில்லை. செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். பச்சைச் சாணத்தை அப்படியே இடுவோர் வேரைச் சுட்டுவிடுகிறார்கள்.

எதைக்கொண்டு தொடங்குவது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். செடிக்கடைக்குப் போய், குடம் குடமாகப் பூத்து நிற்கும் ரோஜாவை வாங்கி வருகிறார்கள். நிழல்வலையின்கீழ், வேளைதோறும் நீரும் உரமும் பெற்று வளர்ந்த அச்செடி, தன் வலிமை முழுவதையும் பூவில் செலவிட்ட நிலையில் மொட்டைமாடிக்கு வந்து சேருகிறது. அன்றே தொட்டி மாற்றுகிறார்கள். அன்றே முழு வெயிலில் வைக்கிறார்கள். பத்தாம் நாள் இலை உதிர்ந்தால் பழி கைக்கு. பிழைத்த ரோஜாவிலும் ஒரு வினோதம் நேர்வதுண்டு. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத்துளிரைச் சத்துள்ள கிளை என்று மகிழ்ந்து வளர்ப்பார்கள்; அது மேல்செடியை விழுங்கிவிடும்; வாங்கியபோது சிவப்பாய்ப் பூத்தது, நம் வீட்டில் நிறம் மாறிற்றே என்று வருந்துவார்கள். ரோஜா இரண்டாம் ஆண்டுப் பாடம். முதலாண்டில் அதை வாங்கவேண்டாம் என்பதே என் யோசனை. வாங்கத்தான் வேண்டுமெனில், பூவில்லாமல் புதுத்துளிர் விட்டிருக்கும் செடியைத் தேர்ந்து, ஒரு வாரம் அரைநிழலில் பழக்கிய பின்னரே தொட்டி மாற்றுக.

முதலாண்டுக்குச் செண்டுமல்லி தக்கது. விதைத்த ஒரு வாரத்துக்குள் முளைக்கும். இரண்டு மாதத்தில் பூக்கும். தவறினாலும் நட்டம் ஒரு பிடி விதை. புதினாவைக் கடைக்கட்டிலிருந்தே தொடங்கலாம். கீரையாய்ந்தபின் எஞ்சும் முற்றிய தண்டை ஈரமண்ணில் படுக்கவைத்தால் கணுக்கள்தோறும் வேரோடும். அதற்கு அரைநிழலும் நீங்காத ஈரமும் வேண்டும். ஓமவல்லிக்குச் சொன்ன நீர்க்கணக்கு புதினாவுக்குப் பொருந்தாது. கொத்தமல்லி பொறுமையைச் சோதிக்கும். தனியாவை இரண்டாக உடையும்படி மெல்லத் தேய்த்து விதைக்கவேண்டும். முளைக்கப் பத்து நாள்வரை ஆகலாம். நான்காம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்களை அறிவேன். அவர்களில் நானும் ஒருவனாயிருந்தேன். வெயில்காலத்தில் அது இலை விடுவதற்குள் பூத்துவிடும். மார்கழிக் குளிர்ச்சியே அதற்கு உகந்தது. கறிவேப்பிலை விதை பழத்திலிருந்து எடுத்தவுடன் விதைக்கவேண்டியது; உலரவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். முளைத்த பின்னும் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் அது மெதுவாகவே வளரும். மெதுவாக வளர்வதையும் கைமேல் குற்றமாக்கவேண்டா.

துளசியைப்பற்றித் தனியே ஒரு சொல். மாடத்துத் துளசி பட்டுப்போனால் குடும்பத்துக்குக் கேடு என்று அஞ்சுவோர் பலர். துளசி ஆலமரம் அன்று. கதிர்விட்டு விதை முற்ற முற்றத் தண்டு கட்டையாகி, சில ஆண்டுகளில் தானே ஓய்ந்துவிடும் செடி. கதிர்களை இளமையிலேயே கிள்ளிவிட்டால் இலை பெருகும், ஆயுளும் நீளும். சில கதிர்களை மட்டும் முற்றவிட்டு, அவ்விதையை மண்ணின்மேல் தூவி மெல்லிதாய் மூடினால் அடுத்த தலைமுறை தயாராயிருக்கும். கனகாம்பரத்திலும் இத்தகைய மயக்கம் ஒன்று உண்டு. டெல்லிக் கனகாம்பரம் என்னும் இனம் இயல்பிலேயே விதை பிடிக்காது. தண்டு நட்டே பெருக்கவேண்டும். விதை எடுக்கக் காத்திருந்து ஏமாந்து, தம் வீட்டில் கதிர் மலடாகிறது என்று மனம் வருந்திய அம்மையார் ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன்.

சித்தியின் இரண்டாவது தோல்வி செவ்வந்தியில் நேர்ந்தது. பக்கத்து வீட்டாரும் அவரும் ஒரே தாய்ச்செடியின் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டார்கள். ஐப்பசி பிறந்தும் அவர்கள் செடி மொட்டுக்கட்ட, எங்களுடையது கரும்பச்சையாய் வளர்ந்துகொண்டே போயிற்று. உரமும் நீரும் வெயிலும் ஒன்றே. சித்தி பழைய பல்லவியைப் பாடலானார். எனக்கும் முதலில் விளங்கவில்லை. ஓரிரவு மாடிக்குப் போனபோதுதான் கண்டேன்: எங்கள் கைப்பிடிச்சுவருக்கு நேர் எதிரே அவ்வாண்டு மாநகராட்சி விளக்கு ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். தொட்டிகள் இரவு முழுவதும் நிலவில் நிற்பதுபோல நின்றன.

செவ்வந்தி, இரவு நீண்டால் பூக்கும் சாதி. இரவில் விழும் சிறு வெளிச்சமும் அதன் கணக்கைக் குலைத்துவிடும். பசுமைக்குடில்களில் செவ்வந்தி பயிரிடுவோர் இரவில் விளக்கேற்றிப் பூப்பைத் தள்ளிப்போடுவது இதை அறிந்தே. பகலின் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள இத்தொடர்பை 1920-ல் வெளியிட்டவர்கள் கார்னர், அல்லார்ட் என்னும் இருவர். அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவில் ஊழியம் செய்தவர்கள். ‘மேரிலாண்ட் மாமத்’ என்னும் புகையிலை கோடையில் ஆளுயரத்துக்கு மேலும் வளர்ந்தும் பூக்கவில்லை. அதற்குக் காரணம் தேடி, செடிகளை மாலையில் இருட்டறைக்குள் தள்ளி, காலையில் வெளியே இழுத்து, பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள், பூத்தது. சித்தியின் தொட்டிகளைத் தண்ணீர்த்தொட்டியின் மறைவுக்கு மாற்றினோம். தை பிறப்பதற்குச் சில நாள் முன் அவை மஞ்சளாய்ப் பூத்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குக் கம்பத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்னும் மருத்துவர் வேறொன்றை எழுதினார். தொண்டை அடைப்பான் நோய்க்குரிய ஷிக் பரிசோதனையால் புகழ்பெற்றவர் அவர், அற்பமானவர் அல்லர். பணிப்பெண் கையில் கொடுத்த மலர்கள் மறுநாள் வாடிக்கிடந்தன என்றும், அவள் மாதவிலக்காயிருந்தாள் என்றும், ஆகவே அந்நாட்களில் பெண்ணுடலில் செடிகளை வாட்டும் நஞ்சு ஒன்று உண்டாகிறதென்றும் அவர் கருதினார். ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்த கதையும் இதுவே. எங்கள் பாட்டியார் சொன்னதும் இதுவே. சில ஆண்டுகள் அந்நஞ்சைத் தேடியவர்கள் உண்டு. பின்வந்த பரிசோதனைகளில் அக்கொள்கை நிலைபெறவில்லை. இன்று அப்படி ஒரு நஞ்சு உண்டென்று உடலியல் கூறுவதில்லை. மேதாவி ஒருவரும் கையைப் பார்த்தபடியே நின்று ஏமாறக்கூடும் என்பதற்கு இது சான்று. இருட்டறைக்குள் புகையிலையைத் தள்ளிய இருவரும் கையைப் பாராமல் செடியைப் பார்த்தார்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது என் மகள், நாமே பார்த்துவிடலாமே என்றாள். ஒரே அளவான ஆறு தொட்டிகளில் ஒரே செடியின் ஓமவல்லித் தண்டுகளை ஊன்றினோம். மூன்றை அந்நாட்களில் அவள் தொட்டு, நீர் வார்த்து, இலையும் கிள்ளினாள். மற்ற மூன்றை அந்நாட்களில் நான் பார்த்துக்கொண்டேன். எது எதுவென்று தொட்டியின் அடியில் மட்டும் குறித்திருந்தது. நான்கு மாதம் கழித்து, ஆகாத கை பட்டவை எவை என்று பிரித்துக் காட்டும்படி சித்தியைக் கேட்டோம். அவர் செழிப்பாக இருந்த மூன்றை ஒருபுறம் ஒதுக்கினார். கவிழ்த்துப் பார்த்தால் அவற்றில் இரண்டு மகளுடையவை. ஆறு தொட்டிகளைக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் சொல்ல இயலாது என்பதை அறிவேன். எங்கள் வீட்டுக்கு அது போதுமாயிருந்தது.

இனி நம் துறையாரிடம் தெரிவித்துக்கொள்ளும் குறை ஒன்று. எருவைப்பற்றியும் பூச்சியைப்பற்றியும் எத்தனையோ பக்கங்கள் எழுதுகிறோம். தீட்டுக்கு அஞ்சித் தோட்டத்துக்கு வெளியே நிற்கும் பெண்களைப்பற்றி வாய் திறப்பதில்லை. சமய வழக்கத்தில் தலையிடுவது நம் வேலையன்று என்று அதிகாரிகள் கூசுவது எனக்குப் புரிகிறது. பூசைக்கு யார் பறிப்பது என்பது அவரவர் வீட்டுக் காரியம். தொட்டால் செடி கருகும் என்பதோ பயிரைப்பற்றிய கூற்று. அது மெய்யா பொய்யா என்று சொல்லும் கடமை பயிர்த்தொழில் துறைக்கே உரியது. வீட்டுத்தோட்டப் பயிற்சி எங்கு நடந்தாலும், எந்தக் கை பட்டும் எச்செடியும் வாடாது என்ற ஒரு வாக்கியத்தைப் பயிற்சியாளர் உரக்கச் சொல்லட்டும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் விற்கும் ஒவ்வொரு கன்றோடும், எத்தனை மணி வெயில் வேண்டும், ஈரம் எவ்வளவு தாங்கும், விதையா தண்டா, எத்தனை ஆண்டு உயிர்வாழும் என்ற நான்கு செய்திகளை ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். செலவு சொற்பம். பட்டுப்போனால் தேடிப் பார்க்க அச்சீட்டாவது கையில் இருக்கும்.

மல்லிகைக்கு மட்டும் சித்தி மூன்று ஆண்டுகள் இணங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, சில விஷயங்களில் வாதம் உதவாது. நான்காம் ஆண்டு ஆடியில், தாமாகவே பூக்கடைத் தெருவுக்குப் போய், இராமேசுவரத்துப் பதியன் என்று சொல்லி விற்ற குண்டுமல்லிக் கன்று இரண்டை வாங்கிவந்து பெரிய தொட்டிகளில் வைத்தார். நாள் முழுவதும் வெயில் படும் தெற்கு மூலையே அவற்றுக்கு இடம். கார்த்திகைக் கடைசியில் நீரைக் குறைத்து, ஒன்றரை அடி உயரத்துக்கு எல்லாக் கிளைகளையும் வெட்டும்படி சொன்னேன். வளர்ந்த செடியை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. மல்லிகை புதுத்துளிரில்தான் பூக்கும் என்று விளக்கிய பின்னரே கத்தரியை எடுத்தார். பங்குனியில் மொட்டு வைத்தது. சித்தி அதைத் தலையில் சூடுவதில்லை. மாலையில் பறித்துத் தொடுத்து என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்.

சென்ற கார்த்திகையில் கவாத்து முடிந்தபின், வெட்டிய குச்சிகளில் முற்றியும் முற்றாதவையுமாகப் பார்த்து எட்டை மணல் நிரப்பிய ஒரு பழைய தட்டில் ஊன்றி வைத்தார். ஐந்து வேர் பிடித்தன. மூன்று ஏன் பிடிக்கவில்லை என்று அவற்றைப் பிடுங்கி அடிவெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கணுவுக்குக் கீழே வெட்டாமல் நடுவில் வெட்டிவிட்டேன் தம்பி என்றார்.